அத்தியாயம் 7: கழிவுக்குழி நிரம்பி வழிந்தால்

செப்டிக் டேங்க் மூடியைத் திறந்ததும் பெரும்பாலான வீடுகளில் ஒரே பேச்சுதான்: “ரொம்பிடுச்சு, லாரியைக் கூப்பிடுங்க.” லாரி வருகிறது, உறிஞ்சிக்கொண்டு போகிறது. பத்து நாளில் கழிப்பறைக் கோப்பையில் மறுபடியும் தண்ணீர் தேங்குகிறது. மீண்டும் லாரி, மீண்டும் செலவு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சரியாக வேலை செய்யும் செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். வெளியேறும் குழாயின் அடிமட்டம் வரை தண்ணீர் நிற்பதுதான் அதன் இயல்பு. இந்தப் பக்கம் ஒரு குடம் உள்ளே போனால் அந்தப் பக்கம் ஒரு குடம் வெளியே போகும். ஆகவே தொட்டி நிரம்பியிருப்பது பழுது இல்லை. வெளியே போக வேண்டிய தண்ணீர் போகாமல் நிற்பதுதான் பழுது. அது எதனால் நிற்கிறது என்று தெரியாமல் செய்யும் எந்தச் செலவும் வீண்தான். இந்த அத்தியாயத்தில் முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம், பிறகு சரிசெய்வோம்.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

தமிழ்நாட்டு வீடுகளில் ‘செப்டிக் டேங்க்’ என்ற பெயரில் இருப்பவை எல்லாம் செப்டிக் டேங்க் அல்ல. பொதுவாக மூன்று வகைகளைப் பார்க்கலாம்.

ஒன்று, உறைக்குழி. மூன்றடி அல்லது நான்கடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மேலே சிலாப் போட்டு மூடியிருப்பார்கள். அடியில் தளம் இருக்காது. கழிப்பறைக் குழாய் நேராக அதில் விழும். மலமும் தண்ணீரும் ஒரே குழியில் சேர, தண்ணீர் மட்டும் மண்ணில் இறங்க வேண்டும். பழுதாகி வருபவற்றில் இதுவே அதிகம்.

இரண்டாவது, முறையான செப்டிக் டேங்க். அடித்தளமும் சுவரும் கசியாமல் கட்டி, நடுவே தடுப்புச் சுவர் வைத்த தொட்டி. கசடு அடியில் படியும். எண்ணெயும் மிதப்பவையும் மேலே ஆடையாகப் படரும். இரண்டுக்கும் நடுவே உள்ள தெளிந்த நீர் மட்டும் அடுத்துள்ள உறிஞ்சுகுழிக்குப் போகும்.

மூன்றாவது, தொட்டி மட்டும் இருக்கும், உறிஞ்சுகுழி இருக்காது. வெளியேறும் குழாய் தெருச் சாக்கடையிலோ மழைநீர் வடிகாலிலோ திறந்திருக்கும். தெளிந்திருந்தாலும் அந்தத் தண்ணீரில் நோய்க்கிருமிகள் இருக்கின்றன. இது பழுது அளவோடு நிற்பதில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு இழைக்கும் தீங்கு.

கட்டிய கொத்தனார் கிடைத்தால் அவரிடமே கேளுங்கள்: எத்தனை உறை இறக்கினீர்கள், உறைகளுக்கு இடையே சிமெண்ட் பூசினீர்களா, அடியில் தளம் போட்டீர்களா, குழாய் எந்தப் பக்கம் போகிறது? இந்தப் பதில்கள் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

யாரும் உள்ளே இறங்கக் கூடாது

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்தவர், “சார், அஞ்சு நிமிஷம் இறங்கிப் பார்த்துட்டு வந்துடறேன்” என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் வற்புறுத்தினாலும், கூலி கூடக் கேட்டாலும், முன்பு பலமுறை இறங்கியிருப்பதாகச் சொன்னாலும் வேண்டாம்.

மூடிய குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கரியமில வாயு மூன்றும் சேர்ந்திருக்கும், பிராணவாயு குறைந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகிறது, வாடை தெரியாது. வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் அப்படியே சாய்கிறார். கசட்டைக் கிளறும்போது அதில் சிக்கியிருந்த வாயு ஒரே மூச்சில் வெளியேறும். அதனால் மூடியைத் திறந்து காற்றாட விட்டாலும் குழி பாதுகாப்பானதாகிவிடாது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் ஆபத்தே, மீத்தேன் தீப்பற்றும்.

ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்களை உடனே அழையுங்கள். மற்ற மூடிகளையும் திறந்துவிட்டு, கூட்டத்தை விலக்குங்கள்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடை விதித்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதையும் தடை செய்கிறது. நேரடியாகவோ ஒருவர் மூலமாகவோ வேலைக்கு அமர்த்தியவர் குற்றவாளி. வீட்டுக்காரரும் அதில் அடக்கம். முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. கழிவுநீர்ப் பணியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்தத் தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது. நம் வீட்டுக் கழிவுக்காக இன்னொரு வீட்டில் ஒருவர் இல்லாமல் போகக் கூடாது. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் எல்லா வேலைகளையும் மேலே நின்றபடியே செய்ய முடியும்.

பழுது எங்கே? நான்கு சோதனைகள்

மூடியைத் திறந்து அரை மணி நேரம் விலகி நில்லுங்கள். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் அருகில் வேண்டாம். கூட ஒருவர் இருக்கட்டும். குழிக்கு மேல் குனியாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். வேலை முடியும் வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

*சோதனை 1: நீர் மட்டம்.* வீட்டில் ஒரு கழிப்பறை மட்டும் அடைத்துக்கொண்டு மற்றது நன்றாக ஓடினால், பழுது குழியில் இல்லை. அந்தக் கோப்பைக்கும் சேம்பருக்கும் இடையே உள்ள குழாயிலோ பெண்டிலோ இருக்கிறது. எல்லாமே மெதுவாக இறங்கினால் தொட்டியைப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் குழாயின் அடிமட்டத்தில் நின்றால் தொட்டியும் அதற்கு அப்பால் உள்ளவையும் நலம். வீட்டிலிருந்து வரும் குழாயில்தான் அடைப்பு. அந்த மட்டத்துக்கு மேலே நின்றால் வெளியேறும் குழாயோ உறிஞ்சுகுழியோ தண்ணீரை வாங்கவில்லை. மட்டத்துக்குக் கீழே நின்றால் மகிழ வேண்டாம். தொட்டி வெடித்துக் கசிகிறது. அந்தக் கசிவு உங்கள் கிணற்றுக்கும் போகலாம்.

*சோதனை 2: கசட்டின் உயரம்.* தொட்டியின் ஆழத்தைவிட நீளமான மூங்கில் கழி ஒன்றை எடுங்கள். அடிப்பக்கம் மூன்றடிக்குப் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டுங்கள். மெதுவாக அடிவரை இறக்கி, சில நிமிடம் அசைக்காமல் வைத்து, நேராக மேலே தூக்குங்கள். துண்டில் கன்னங்கரேலென்று ஒட்டியிருக்கும் உயரம்தான் கசட்டின் உயரம்; அதற்கு மேலே துணி வெளுத்த சாம்பல் நிறமாக நனைந்திருக்கும். கசடும் மேலாடையும் சேர்ந்து நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லாரியை அழைக்கும் நேரம் வந்துவிட்டது. தாண்டவில்லை என்றால் லாரியால் பயனில்லை. பழுது வேறிடத்தில் இருக்கிறது. கழியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துண்டைப் புதைத்துவிடுங்கள்.

*சோதனை 3: இரவுக் கணக்கு.* மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை இது காட்டும். இரவு 10 மணிக்கு, உறைக்குழியில் அல்லது உறிஞ்சுகுழியில், சிலாப்பின் விளிம்பிலிருந்து நீர் மட்டம் வரை கழியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூடியை மறக்காமல் மூடுங்கள். காலை 5 மணி வரை வீட்டில் யாரும் தண்ணீர் விடக் கூடாது. காலையில் மறுபடி அளங்கள்.

நான்கடி விட்டமுள்ள குழியில் ஓர் அங்குலம் என்பது ஏறக்குறைய 30 லிட்டர். மூன்றடிக் குழியில் 17 லிட்டர். நான்கடிக் குழியில் 7 மணி நேரத்தில் 2 அங்குலம் இறங்கியிருந்தால் 60 லிட்டர் போயிருக்கிறது. ஒரு முழு நாளுக்குச் சுமார் 200 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 500 லிட்டர் வெளியேறுகிறது. 500 லிட்டர் வரும் இடத்தில் 200 லிட்டர் குடிக்கும் மண் இருந்தால் குழி வழியத்தான் செய்யும். ஆனால் கழிப்பறைக்கு மட்டும் ஆளுக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டால் ஐவருக்கும் 200 லிட்டர்தான். இந்தக் குழி சாகவில்லை. அதன் தலையில் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறோம் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

மட்டம் அசையவே இல்லை என்றால் மண் அடைத்துவிட்டது. மட்டம் ஏறியிருந்தால் இரண்டில் ஒன்று: நிலத்தடி நீர் குழிக்குள் ஊறுகிறது, அல்லது வீட்டில் ஏதோ குழாய் ஒழுகுகிறது.

*சோதனை 4: ஒழுகும் ஃபிளஷ்.* ஃபிளஷ் தொட்டியில் ஒரு கரண்டி மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் அழுத்தாமல் இருங்கள். கோப்பையில் மஞ்சள் நிறம் தெரிந்தால் உள்ளே உள்ள ரப்பர் வாசர் தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் இரவும் பகலும் ஒழுகும் இந்த நீர், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டரைக் குழிக்குள் சேர்த்துவிடும். சின்னச் செலவில் மாற்றக்கூடிய வாசருக்காகப் புதுக்குழி வெட்டும் நிலை வரக் கூடாது.

மண் ஏன் அடைத்துக்கொள்கிறது?

கழிவுநீரில் கரையாத நுண்துகள்கள் உண்டு. அவை குழியின் சுவரிலும் அடியிலும் படியும்போது, அவற்றை உண்டு வளரும் பாக்டீரியாக்கள் கறுத்த, வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. காற்றே இல்லாமல் எந்நேரமும் நீர் தேங்கி நின்றால் அந்தப் படலம் தடித்துக்கொண்டே போய், மண்ணின் துளைகளை அடைக்கிறது. முன்னால் தொட்டி இல்லாத உறைக்குழியில் கசடு முழுவதும் நேரே மண்ணில் படிவதால் இது விரைவில் நடக்கிறது. உறைகளுக்கு இடையே சிமெண்ட் பூசி அடைத்திருந்தால் பக்கவாட்டில் வழியே இல்லை. அடிமண் அடைத்ததும் குழி வெறும் பாத்திரமாகிவிடும். நான்கடி விட்டம், பத்தடி ஆழமுள்ள குழியின் கொள்ளளவு ஏறக்குறைய 3,500 லிட்டர். மண் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்றால், ஐந்து பேர் வீட்டில் அது ஏழே நாளில் நிரம்பும். லாரி போன வாரமே குழி வழிகிற மர்மம் இவ்வளவுதான்.

இதோடு அடுப்படி எண்ணெய், கோப்பையில் போடும் நாப்கின், ஈரத் துடைப்புத் தாள், மொட்டைமாடி மழைநீர், குழாய் இணைப்புகளில் நுழையும் மர வேர் ஆகியவையும் சேரும்.

லாரி வரும் நாள்

கசட்டு அளவு சொன்னபடி வந்திருந்தால் லாரியை அழையுங்கள். உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற்ற வண்டியா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் கழிவுநீர் அகற்ற 14420 என்ற உதவி எண் இருக்கிறது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். ஏரிக்கரை, ஓடை, தரிசு நிலம் என்று பதில் வந்தால் அந்த வண்டி வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியிலும், கோவைக்கு அருகே பெரியநாயக்கன்பாளையத்திலும் மலக்கசட்டைச் சுத்திகரிப்பதற்கென்றே நிலையங்கள் கட்டப்பட்டுள்ளன. பல நகரங்களில் பாதாளச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் லாரிக் கழிவை வாங்குகிறார்கள்.

உறிஞ்சும்போது கூடவே நில்லுங்கள். மேல்தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். உங்களுக்குப் போக வேண்டியது அடிக்கசடு. கசடு கெட்டியாக இருந்தால் மேலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். சுவரைக் கழுவித் துடைக்கத் தேவையில்லை. மிஞ்சும் கொஞ்சம் கசட்டால் கெடுதல் இல்லை.

தொட்டி காலியான அந்தச் சில நிமிடங்கள் அரியவை. மேலே நின்று டார்ச் அடித்து மூன்றைப் பாருங்கள். வெளியேறும் குழாயிலிருந்து தண்ணீர் திரும்பித் தொட்டிக்குள் வழிகிறதா? வழிந்தால் உறிஞ்சுகுழி நிறைந்து நிற்கிறது. சுவரில் எங்காவது நீர் ஊறி வருகிறதா? அது வெடிப்பு. உள்வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ‘டீ’ பொருத்தியிருக்கிறதா? வெளியேறும் குழாயில் டீ இல்லாமலோ உடைந்தோ இருந்தால் மேலாடை நேரே உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணை அடைத்திருக்கும். செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய உறைக்குழியையும், செங்கல் அடுக்கிய குழியையும் மழைக்காலத்தில் முழுவதும் காலி செய்யாதீர்கள். வெளியே உள்ள ஈரமண் உள்நோக்கித் தள்ளிச் சரிந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடக்கூடும். உறிஞ்சி முடித்த கையோடு தண்ணீர் நிரப்புங்கள்.

முதல் சிகிச்சை: தண்ணீரைப் பிரிப்பது

இரவுக் கணக்கில் குழி கொஞ்சமாவது குடிக்கிறது என்று தெரிந்தால், மண்வெட்டியை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். குளியல் நீர், துணி துவைத்த நீர், சமையலறை நீர் மூன்றையும் குழியிலிருந்து பிரித்துவிடுங்கள். குளியல் நீரையும் துணி அலசிய நீரையும் வாழைக்கும் கல்வாழைக்கும் பாயும்படி ஆழமில்லாத ஜல்லிப் பாத்தியில் விடலாம். சமையலறைத் தண்ணீருக்கு ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு சேம்பர் கட்டி, வெளியேறும் குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து வையுங்கள். எண்ணெய் மேலே நின்றுவிடும். வாரம் ஒருமுறை அள்ளிக் குப்பையில் சேர்க்கலாம். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் இந்தக் குழியில் சேர்ந்திருந்தால் இன்றே துண்டியுங்கள். அது மழைநீர் சேகரிப்புக்கு உரியது.

வழிந்துகொண்டிருந்த குழி, இந்த ஒரு மாற்றத்தாலேயே அடங்கிவிடும் வீடுகள் உண்டு.

நிலையான சிகிச்சை: தொட்டி ஒன்று, குழி இரண்டு

மட்டம் அசையாத உறைக்குழிக்கு ஒரே தீர்வு, கசட்டையும் நீரையும் பிரிப்பது. வீட்டுக்கும் குழிக்கும் நடுவே கசியாத தொட்டி ஒன்று. அதற்கு அப்பால் புது உறிஞ்சுகுழி. பழைய குழிக்கு ஓய்வு.

*தொட்டி.* ஐந்து பேருக்கு உட்புறம் 5 அடி நீளம், 2½ அடி அகலம், நீரின் ஆழம் 1 மீட்டர் போதும். நீருக்கு மேலே ஓர் அடி வெற்றிடம் விடுங்கள். கொள்ளளவு 1,100 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். இந்திய தர நிர்ணயத்தின்படி அகலம் 75 செ.மீ.க்கும், நீரின் ஆழம் 1 மீட்டருக்கும், கொள்ளளவு 1,000 லிட்டருக்கும் குறையக் கூடாது. நீளம் அகலத்தைப்போல் 2 முதல் 4 மடங்கு இருக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி, நடு ஆழத்தில் தண்ணீர் போக வழி விடுங்கள். வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிட 2 அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். இரண்டிலும் டீ வையுங்கள். அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் ஓரடி அளவு அமிழ்ந்திருக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனி மூடி. காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். இல்லாவிட்டால் தொட்டியே கொசுப் பண்ணையாகும்.

பூச்சு காய்ந்ததும், மண் மூடும் முன்பு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். மட்டம் இறங்கினால் மறுபூச்சு. இந்தச் சோதனையைச் செய்யாமல் கொத்தனாருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

*புது உறிஞ்சுகுழி.* இடத்தைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். குடிநீர்க் கிணறு, போர் எதற்கும் 18 மீட்டர் தள்ளி, வீட்டுச் சுவருக்கு 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது தர விதி. பழைய குழிக்கும் புதுக் குழிக்கும் இடையே, குறைந்தது குழியின் ஆழம் அளவுக்காவது மண் இருக்கட்டும். நெருங்கி வெட்டினால் பழைய குழியின் கழிவும் வாயுவும் புதுக் குழிக்குள் புகும். வெட்டுபவருக்கு அது ஆபத்து. தளர்ந்த மண்ணில் சுவர் சரியாமல் உறையை இறக்கிக்கொண்டே வெட்ட வேண்டும்.

எவ்வளவு பெரிய குழி? இரட்டைக் குழிக் கழிப்பறைகளுக்கு நம் நாட்டில் பின்பற்றும் கணக்கு இங்கே கைகொடுக்கும். குழியின் பக்கச் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு மணலில் 50 லிட்டர், வண்டல் கலந்த மண்ணில் 30 லிட்டர், இறுகிய களியில் 10 லிட்டர் தண்ணீர் குடிக்கும். நான்கடி விட்டத்தில், குழாய்க்குக் கீழே ஆறடி ஆழம் வைத்தால் பக்கச் சுவர் ஏறக்குறைய 7 சதுர மீட்டர். வண்டல் மண்ணில் இது 200 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும்; ஐவர் கழிப்பறைக்குப் போதும். அதே குழி களிமண்ணில் 70 லிட்டரோடு நின்றுவிடும். பக்கத்து வீட்டில் சரியாக ஓடுகிறது என்று அதே அளவில் வெட்டாமல், உங்கள் மண்ணைப் பார்த்து வெட்டுங்கள்.

துளையுள்ள உறைகளை வாங்குங்கள், அல்லது உறைகளுக்கு இடையே சிமெண்ட் பூசாமல் விடுங்கள். உறைக்கும் மண்ணுக்கும் நடுவே மூன்று அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி நிரப்புங்கள். மேல் ஓரடிக்கு மட்டும் பூசி அடைத்து, மழைநீர் இறங்காதபடி சுற்றிலும் மண்ணை மேடாக்குங்கள்.

*பழைய குழி.* கசட்டை லாரியால் எடுத்துவிட்டு, மூடியோடு ஓர் ஆண்டு விட்டுவிடுங்கள். சுரண்டிச் சுத்தம் செய்ய யாரையும் இறக்காதீர்கள். நீர் வடிந்து மண்ணுக்குள் காற்று புகப் புக, அந்தக் கறுத்த படலம் தானே மட்கி உதிர்ந்து, மண் பெரும்பாலும் மீண்டும் குடிக்கத் தொடங்கும். தொட்டிக்கு அப்பால் ஒரு சேம்பர் கட்டி, இரு குழிகளுக்கும் தனித்தனிக் குழாய் விட்டு, ஒன்றை அடைத்து வையுங்கள். பிறகு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். சிமெண்ட் பூசி அடைத்த உறைகளானால் பழைய குழியை நம்பாமல் மணல் நிரப்பி மூடிவிடுவதே நல்லது.

மண் குடிக்காத இடங்களில்

வெட்டும் முன் மண்ணைச் சோதியுங்கள். உத்தேசக் குழியின் பாதி ஆழத்துக்கு, ஓரடிக்கு மேற்படாத அகலத்தில் துளை போட்டு, அடியில் 5 செ.மீ. ஜல்லி பரப்பி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். மறுநாள் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, 2½ செ.மீ. இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி சரிப்படும். 30 முதல் 60 நிமிடமானால் ஆழக்குழி வேண்டாம். இரண்டு மூன்றடி ஆழத்தில் நீளவாக்கில் வாய்க்கால் வெட்டி, ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாய் பதிக்க வேண்டும். 60 நிமிடத்தைத் தாண்டினால் அந்த மண்ணை நம்பி எதுவும் கட்டக் கூடாது. கரிசலிலும் இறுகிய களியிலும் இந்த நிலை வரலாம்.

காவிரிப் படுகையிலும் கடற்கரை ஊர்களிலும் சிக்கல் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறித் தரையைத் தொட்டுவிடும். கோடையில் நன்றாக ஓடிய குழி அப்போது வழியும். எத்தனை லாரி எடுத்தாலும் ஊற்றாக ஊறும். இங்கே ஆழமாக வெட்டுவது தவறு. தொட்டியை உயர்த்திக் கட்டி, தரைக்கு மேலே மணலும் ஜல்லியும் கொண்டு மேடை அமைத்து, தண்ணீரை அதில் பரப்ப வேண்டும். அதற்கும் இடமில்லை என்றால், கசியாத பெரிய தொட்டியில் சேர்த்து முறையாக லாரியில் அனுப்புவதே நேர்மையான வழி.

தெருவில் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். இணைப்பு வாங்குங்கள். பழைய குழியை லாரியால் காலி செய்து, மணலால் நிரப்பி மூடுங்கள். வெற்றுக்குழியை அப்படியே விட்டால் என்றாவது ஒரு நாள் சிலாப் உடைந்து யாராவது உள்ளே விழுவார்கள்.

கிணறு 18 மீட்டருக்குள் இருக்கும் சிறிய மனைகளில், கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிருமிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வேண்டாத வைத்தியங்கள்

ஆசிட் ஊற்றினால் மண் திறக்காது. கசட்டைச் செரிக்கும் பாக்டீரியா சாகும், சிமெண்ட் அரிக்கும். கசட்டில் உள்ள சல்பைடுடன் சேர்ந்து நச்சுவாயுவையும் கிளப்பும். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குழியைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் பொடிகள் தேவையில்லை. வேண்டிய பாக்டீரியா மலத்திலேயே இருக்கிறது. வழியும் தண்ணீரை மோட்டார் வைத்துத் தெருவில் இறைப்பது, உங்கள் நோயை ஊருக்குப் பங்கு வைப்பதாகும்.

இனி ஆண்டுதோறும்

சித்திரை: இரவுக் கணக்கு, கழிச் சோதனை.
ஆவணி: கசடு கூடியிருந்தால் மழைக்கு முன்பே லாரி. முறையான தொட்டியில் 2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.
புரட்டாசி: கொசுவலை, மூடி, மழைநீர் வழி மூன்றையும் பார்ப்பது.
தை: மழைக்காலத்தில் மட்டம் எவ்வளவு ஏறியது என்று குறித்து வைப்பது.

ஒரு தாளில் வீட்டு மனையை வரைந்து, தொட்டி எங்கே, மூடி எங்கே, குழாய் எந்தப் பக்கம், எத்தனை உறை, கடைசியாக லாரி வந்தது எப்போது என்று எழுதுங்கள். வாடகைக்கு வருபவருக்கும், பின்னாளில் வீட்டை ஆளும் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். அந்தத் தாளின் மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதுங்கள்: ‘இந்தக் குழிக்குள் யாரையும் இறக்கக் கூடாது.’